அத்தாய்: மொராக்கோ புதினா டீயை வீட்டில் முறையாகப் போடுவது எப்படி?

முதலில் பெயர். நாம் 'மொராக்கோ புதினா டீ' என்கிறோம். அந்த ஊரில் அதற்குப் பெயர் வெறும் 'அத்தாய்'. டீ, அவ்வளவுதான். தமிழில் எழுதினால் யாரோ ஒரு தாயைச் சுட்டிக் காட்டுவது போல இருக்கிறது, ஆனால் உச்சரிப்பு கிட்டத்தட்ட அதேதான். எகிப்திலும் சிரியாவிலும் 'ஷாய்' என்பார்கள். அது நம் சாயாவுக்குச் சொந்தம். மொராக்கோவின் அத்தாய், நம் தேயிலையில் இருக்கிற 'தே'வுக்குச் சொந்தம். இரண்டுமே சீனத்திலிருந்து வெவ்வேறு வழியாக வந்த ஒரே சொல்.

பெயரை இவ்வளவு இழுப்பதற்குக் காரணம் இருக்கிறது. வீட்டில் இதைப் போட்டுப் பார்த்து ஏமாந்தவர்களில் பலர் பெயரிலேயே வழுக்கியவர்கள். புதினாக் கஷாயம் என்று நினைத்துக்கொண்டு இறங்கிவிடுகிறோம். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன்: சுடுதண்ணீர், ஒரு க்ரீன் டீ பை, பிய்த்துப் போட்ட நாலு புதினா இலை, ஒரு ஸ்பூன் தேன். சளி பிடித்திருந்தால் குடிக்கலாம். ஆனால் அது அத்தாய் இல்லை. அத்தாய் என்பது கெட்டியான, முரட்டுத்தனமான சீனப் பச்சைத் தேயிலை டீ. தேயிலையைக் கழுவுவது, சர்க்கரை, புதினா ஆகிய மூன்றும் சேர்ந்துதான் அந்த முரட்டுத்தனத்தை அடக்குகின்றன. மூன்றில் கழுவுவதுதான் முக்கியம். அதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள்.

எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தவர், பிரான்சில் வேலை பார்த்த இரண்டு வருஷமும் மேல் மாடியில் குடியிருந்த ஒரு பாட்டி. மொராக்கோவின் மெக்னெஸ் ஊர்க்காரர். ஹஜ் போய் வந்தவர் என்பதால் கட்டடம் முழுக்க அவரை 'ஹாஜ்ஜா' என்றுதான் கூப்பிடும். என் பிரெஞ்சு அரைகுறை, அவருடையது அதைவிடக் குறைவு. இடையில் மொழிபெயர்க்க அவருடைய பேரன்; பாதியில் செல்போனுக்குள் போய்விடுவான். அதனால் பெரும்பாலும் கண்ணால் பார்த்துக் கற்றதுதான். எவ்வளவு என்று கேட்டால் உள்ளங்கையைக் குழித்துக் காட்டுவார். கீழே வரும் கிராம் கணக்கெல்லாம் பிறகு நான் தராசில் போட்டுப் பிடித்தது.

தேயிலை விளையாத ஊருக்கு டீ வந்த கதை

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 18ஆம் நூற்றாண்டில் தேயிலை மொராக்கோ சுல்தான்களுக்கு ஐரோப்பியத் தூதர்கள் கொண்டுவரும் பரிசுப் பொருளாக இருந்தது. சாமானியர் வீட்டுக்கு வந்தது 19ஆம் நூற்றாண்டின் நடுவில். 1853 முதல் 1856 வரை நடந்த கிரிமியப் போரில் பால்டிக் பக்கத்துச் சந்தைகள் அடைபட்டுப் போக, பிரிட்டிஷ் வியாபாரிகள் கையில் தங்கிய சீனத் தேயிலையை டாஞ்சியர், மொகதோர் துறைமுகங்களில் இறக்கினார்கள். (மொகதோர்தான் இன்றைய எஸ்ஸவீரா.) 1856இலேயே பிரிட்டனும் மொராக்கோவும் ஒரு வணிக ஒப்பந்தமும் போட்டுக்கொண்டன. வந்த சரக்கு ஏற்கெனவே அங்கே இருந்த புதினாவோடு சேர்ந்துகொண்டது. இன்றைக்குச் சீனப் பச்சைத் தேயிலையை உலகத்திலேயே அதிகம் வாங்கும் நாடு மொராக்கோ.

சர்க்கரை அந்த ஊருக்குத் தேயிலையைவிடப் பழசு. 16ஆம் நூற்றாண்டில் தெற்கே சூஸ் பகுதியில் கரும்பு ஆலைகள் ஓடின. மராகேஷில் அல்-பதீ அரண்மனை கட்டிய சுல்தான் அஹ்மத் அல்-மன்சூர், இத்தாலியப் பளிங்குக்குச் சர்க்கரையாகவே விலை கொடுத்தார் என்பார்கள். டீயில் இவ்வளவு இனிப்பா என்று முகம் சுளிப்பவர்கள் இதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம்.

பாத்திரம்

டீ போடும் கூஜாவுக்கு 'பர்ராத்' என்று பெயர். நீளமாக வளைந்த மூக்கு, கூம்பு மூடி, மூக்கு தொடங்கும் இடத்தில் உள்பக்கம் வடிகட்டி போல ஓட்டைகள். உலோகத்தில் செய்தது, அடுப்பில் நேரே வைக்கலாம். இந்தக் கடைசி விஷயம் முக்கியம், ஏனென்றால் அலங்காரத்துக்கு விற்கிற சில பாத்திரங்களை அடுப்பில் வைத்தால் பற்ற வைத்த இடம் விட்டுப்போகும். எவர்சில்வரில் வருகிற பர்ராத் போதும். கைப்பிடி கொதிக்கும், பிடிதுணி இல்லாமல் தொடாதீர்கள்.

பர்ராத் இல்லையா? ஒரு லிட்டர் பிடிக்கிற கனமான எவர்சில்வர் பாத்திரமும் மூடியும் எடுத்துக்கொள்ளுங்கள். அதில் போட்டு, ஊற்றும்போது மட்டும் மூக்குள்ள ஏதாவதொன்றுக்கு வடிகட்டி மாற்றலாம். வீட்டில் பழைய கெண்டி இருந்தால் அதைவிடப் பொருத்தமான பாத்திரம் கிடையாது. பித்தளைக் கெண்டி என்றால் உள்ளே வெள்ளீயம் பூசியிருக்க வேண்டும்.

கிளாஸுக்குப் பிரச்சினையே இல்லை. மொராக்கோ கிளாஸ்களில் பூ வேலையும் தங்கக் கரையும் இருக்கும். அளவில் அவை நம் டீக்கடைக் கண்ணாடி கிளாஸ்தான். பீங்கான் கப் வேண்டாம். நிறத்தையும் நுரையையும் பார்க்க முடியாது.

எல்லாவற்றையும் வைக்கிற வட்டத் தட்டுக்கு 'ஸீனிய்யா' என்று பெயர். அரபியில் அதற்குச் 'சீனத்துச் சாமான்' என்று அர்த்தம். நம் தென்மாவட்டத்தில் சர்க்கரையைச் சீனி என்கிறோமே, அதுவும் அந்தச் சீனாதான். தட்டும் சீனா, தேயிலையும் சீனா, சீனியும் சீனா.

தேயிலை, புதினா, சர்க்கரை

வேண்டிய தேயிலைக்குச் சந்தையில் 'கன்பவுடர்' என்று பெயர். வெடிமருந்துக் குண்டுகள் மாதிரி உருட்டியிருப்பதால் ஆங்கிலேயர் வைத்த பெயர். சீனாவில் அழகாக 'முத்துத் தேயிலை' என்கிறார்கள். ஜெஜியாங் மாகாணத்துச் சரக்கு. இறுக்கமாக உருட்டியிருப்பதால் நெடும்பயணத்திலும் மணம் போகாது. நல்லதைக் கண்டுபிடிப்பது சுலபம்: உருண்டை சிறிதாக, மினுமினுப்பாக இருக்கும், எவர்சில்வர் தட்டில் போட்டால் மிளகு விழுந்த மாதிரி டக்கென்று சத்தம் வரும். மெத்தென்று விழுந்தால் பழசு, இல்லை தளர்வாக உருட்டியது. புருவம் போல நீளமாக வளைந்த 'சுன்மீ' தேயிலையும் மொராக்கோவில் நிறையப் போகிறது, அதுவும் சரி.

ஜப்பானியப் பச்சைத் தேயிலை ஒத்துவராது. ஆவியில் வேகவைத்துச் செய்வதால் கீரை வாசம் அடிக்கும். கொதிதண்ணீர் பட்டால் கசந்துவிடும். டீ பை வேண்டவே வேண்டாம். முத்துத் தேயிலை கிடைக்காவிட்டால் நீலகிரியின் முழு இலைப் பச்சைத் தேயிலையை வைத்துச் சமாளிக்கலாம். ஆனால் அது பஞ்சு போல லேசாக இருக்கும், அதனால் ஸ்பூனை நம்பாமல் நிறுத்துப் போடுங்கள். கொதிக்கவிடும் நேரத்தையும் பாதியாக்குங்கள்.

புதினா விஷயத்தில் நமக்கு அதிர்ஷ்டம். அங்கே 'நஅனா' என்பது ஸ்பியர்மின்ட் வகை. மெக்னெஸ் புதினாவுக்குத் தனி மவுசு உண்டு. நம் சந்தையில் சட்னிக்கும் பிரியாணிக்கும் வாங்கும் புதினாவும் பொதுவாக அதே குடும்பந்தான். வேண்டாதது பெப்பர்மின்ட். ஓர் இலையைக் கசக்கி முகருங்கள். பற்பசை மாதிரி மூக்குக்குள் ஜில்லென்று ஏறினால் அதில் மென்தால் அதிகம். டீயில் போட்டால் தொண்டை மாத்திரையைக் கரைத்த மாதிரி ஆகிவிடும். இனிப்பான பச்சை வாசம் வந்தால் சரியான சரக்கு.

இலையை ஆயக்கூடாது. சட்னிக்கு ஆய்ந்து பழகிய கை தானாகவே ஆயப் போகும், தடுத்துக்கொள்ளுங்கள். வேரையும் அடியில் இருக்கும் கட்டைத் தண்டையும் மட்டும் வெட்டிவிட்டு, கறுத்த இலைகளை நீக்கி, கொத்தாகவே அலசி உதறி வையுங்கள். தண்டு வேண்டும் என்பதற்கு ஒரு காரணமும் உண்டு: கொத்து கூஜாவுக்குள் ஒரு மெத்தை போல உட்கார்ந்து தேயிலைத் தூளை மேலே வரவிடாமல் அமுக்கிப் பிடிக்கும். காய்ந்த புதினாவைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

இனி சர்க்கரை. மொராக்கோவில் 'காலெப்' என்று கூம்பு வடிவச் சர்க்கரைக்கட்டி விற்கிறார்கள். ஒவ்வொன்றும் 2 கிலோ. சின்னச் சுத்தியலால் தட்டி உடைத்துத்தான் டீக்குப் போடுவார்கள். நிச்சயதார்த்தத்துக்கும் கல்யாணத்துக்கும் சீர் வரிசையில் போகும், துக்க வீட்டுக்கும் கையில் எடுத்துப் போவார்கள். ஹாஜ்ஜா வீட்டில் ஒரு கூம்பு எப்போதும் அலமாரியின் மேல் தட்டில் குட்டிக் கோபுரம் மாதிரி நின்றுகொண்டிருக்கும். நமக்குச் சாதாரண வெள்ளைச் சர்க்கரையே போதும். நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி, தேன் எல்லாம் தமக்கென்று ஒரு ருசி வைத்திருப்பவை. புதினாவோடு சண்டை போடும்.

ஏழு கிளாஸ் டீக்கு என் அளவு இது: தேயிலை 12 கிராம் (டீஸ்பூனில் தலைதட்டி மூன்று), புதினா 50 கிராம் (கை நிறைய ஒரு கொத்து), சர்க்கரை 80 கிராம், தண்ணீர் கடைசியில் கூஜாவில் 800 மில்லி நிற்கிற மாதிரி. சர்க்கரை 80 என்பதே நான் குறைத்துப் போட்டது. ஹாஜ்ஜா கணக்கில் அது 120ஐத் தாண்டும். 80 கிராமுக்கு ஒரு கிளாஸில் சுமார் இரண்டரை டீஸ்பூன் வருகிறது. 50 கிராமுக்குக் கீழே போனால் தேயிலையின் துவர்ப்பு தலை தூக்கிவிடும். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குத் தனியாகச் சின்னப் பாத்திரத்தில், தேயிலையைப் பாதியாக்கிப் போடுவதுதான் நல்லது. சர்க்கரை இல்லாததற்கு அங்கேயும் 'மெஸ்ஸூஸ்' என்று ஒரு சொல் உண்டு. சப்பென்று இருப்பது என்று பொருள். சொல்லிலேயே அவர்கள் அபிப்பிராயம் தெரிந்துவிடுகிறது.

தண்ணீர் பற்றி ஒரே வரி: போர் தண்ணீர் உப்பாக இருந்தால் டீ மங்கிப்போய் மேலே ஆடை கட்டும். குடிக்கிற தண்ணீரையே எடுங்கள்.

ரூஹை எடுப்பது

கெட்டிலில் ஒன்றேகால் லிட்டர் தண்ணீரைத் தளதளவென்று கொதிக்க வையுங்கள். பச்சைத் தேயிலைக்கு 80 டிகிரிதான் இருக்க வேண்டும் என்று படித்திருப்பீர்கள். இங்கே அந்த விதி செல்லாது. இறுக்கி உருட்டிய தேயிலை திறக்கக் கொதிதண்ணீர்தான் வேண்டும். அதனால் வருகிற கசப்பை வேறு வழியில் சரிக்கட்டுகிறோம்.

முதலில் கூஜாவில் கொஞ்சம் கொதிதண்ணீர் விட்டுச் சுழற்றிக் கொட்டிவிடுங்கள். சூடான கூஜாவில் தேயிலையைப் போடுங்கள். ஒரு கிளாஸ், அதாவது 100 மில்லி கொதிதண்ணீர் ஊற்றுங்கள். ஆட்டக் கூடாது, கலக்கக் கூடாது. அறுபது வரை எண்ணுங்கள். பிறகு நிதானமாக அந்தத் தண்ணீரை மட்டும் ஒரு கிளாஸில் வடித்துத் தனியே வையுங்கள். தெளிவாக, தேன் நிறத்தில் இருக்கும். இதற்கு 'ரூஹ்' என்று பெயர். தமிழ் முஸ்லிம் வீடுகளில் புழங்குகிற அதே ரூஹ்: உயிர். டீயின் உயிர் அந்தக் கிளாஸில் இருக்கிறது. தெரியாமல் யாராவது சிங்க்கில் கொட்டிவிடப் போகிறார்கள், தள்ளி வையுங்கள்.

இப்போது இரண்டாவது கிளாஸ் கொதிதண்ணீர். இந்த முறை கூஜாவைக் கையில் எடுத்து நன்றாகச் சுழற்றுங்கள், அரிசி களைகிற மாதிரி. உடனே ஒரு கிளாஸில் வடியுங்கள். கலங்கலாக, அழுக்குப் பச்சையாக வரும். முதல் கிளாஸின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், ஒரே தேயிலையிலிருந்துதான் இரண்டும் வந்தன என்று நம்ப முடியாது. இரண்டாவதைக் கொட்டிவிடுங்கள். அதில் இருப்பது தேயிலைத் தூசியும் மேல்கசப்பும். இன்னும் கலங்கலாக இருப்பதாகத் தோன்றினால் மறுபடி ஒரு முறை கழுவலாம். நல்ல தேயிலைக்கு ஒரு முறை போதும்.

இந்த வரிசையைத்தான் நான் ரொம்ப நாள் தலைகீழாகச் செய்துகொண்டிருந்தேன். அழுக்கு முதல் தண்ணீரில்தானே வரும் என்று முதல் கிளாஸைக் கொட்டி, இரண்டாவதை வைத்துக்கொள்வேன். ஹாஜ்ஜா ஒருநாள் பார்த்துவிட்டு என் கையிலிருந்து கூஜாவைப் பிடுங்கிக்கொண்டார். ஆட்டாமல் ஊற்றுகிற முதல் தண்ணீர் உருண்டையின் மணத்தை மட்டும் இழுத்துக்கொண்டு வருகிறது, தூசி அடியிலேயே கிடக்கிறது. ஆட்டினால்தான் தூசி கிளம்பும். ஆட்டுவதற்கு முன்பே மணத்தை எடுத்துப் பத்திரப்படுத்திவிட வேண்டும். முதல் தண்ணீரையே கொட்டுகிற வீடுகளும் மொராக்கோவில் உண்டு. இரண்டையும் குடித்துப் பார்த்தவன் என்ற முறையில் எனக்கு அது ஒப்பவில்லை.

அடுப்பில்

எடுத்து வைத்த ரூஹைத் திரும்பக் கூஜாவில் ஊற்றுங்கள். அதன் மேல் 700 மில்லி கொதிதண்ணீர். புதினாவுக்கு மூன்று விரற்கடை இடம் விட வேண்டும். மூடாமல் அடுப்பில் வைத்து, தீயைச் சிம்மில் வையுங்கள். அந்தக் காலத்தில் 'மிஜ்மர்' என்கிற கரியடுப்புத் தணலில் வைப்பார்கள். தணலின் வேகந்தான் கணக்கு.

ஸ்பூனை எங்காவது கண்ணுக்குத் தெரியாத இடத்தில் வைத்துவிடுங்கள். இந்த டீயில் கடைசி வரை ஸ்பூனுக்கு வேலை இல்லை. கலக்கினால் விரிந்த இலைகள் கிழிந்து கசப்பு வெளியே வரும், டீயும் கலங்கும். மூன்று நாலு நிமிஷத்தில் ஓரத்தில் குமிழி கட்டி, இலைகள் நுரையோடு மெல்ல மேலே ஏறி வரும். பால் பொங்குவதற்கு முந்தின கணம் தெரியும் அல்லவா, அந்தக் கணத்தில் இறக்குங்கள்.

இப்போது புதினா. கொத்தை இரண்டு கையாலும் பிடித்துத் துணி பிழிகிற மாதிரி ஒரே ஒரு முறுக்கு, வாசம் கிளம்புகிற அளவுக்கு. கூஜாவுக்குள் திணியுங்கள். மேலே சர்க்கரையைப் போட்டு, புதினா முழுவதும் தண்ணீருக்குள் மூழ்கும்படி அழுத்துங்கள். (இதற்கு ஸ்பூனின் காம்புப் பக்கத்தைப் பயன்படுத்திக்கொள்ளலாம், கலக்காமல்.) ஓர் இலைகூட மேலே மிதக்கக் கூடாது. மிதக்கிற இலை ஆவியில் கறுத்துப்போய் ஒரு வாடை விடும். 'எரிந்துவிடும்' என்பார் ஹாஜ்ஜா. தண்ணீரில் எப்படி எரியும் என்று பேரனிடம் கேட்டேன். அவன் தோளைக் குலுக்கினான். ஆனால் குடித்துப் பார்த்தால் அந்தச் சொல் சரிதான் என்று தெரியும்.

மூடிவைத்து மூன்று நிமிஷம். சில வீடுகளில் புதினா போட்ட பிறகும் அடுப்பில் ஒரு கொதி காட்டுவார்கள். அப்படிச் செய்தால் சர்க்கரை நன்றாகக் கரையும், புதினாவின் புதுவாசம் கொஞ்சம் போகும். புதினா இளசாக இருந்தால் நான் காட்டுவதில்லை.

அடுத்தது கலப்பது. ஒரு கிளாஸ் நிறைய ஊற்றி, அதைத் திரும்பக் கூஜாவுக்குள்ளேயே ஊற்றுங்கள். இப்படி நாலைந்து தடவை. அடியில் தேங்கிய சர்க்கரைப்பாகு மேலே வந்து எல்லாம் ஒன்றாகிவிடும். கடைசித் தடவை கிளாஸில் இரண்டு வாய் அளவு ஊற்றி ருசி பாருங்கள். விருந்தாளிகள் முன்னால் உட்கார்ந்து டீ போடுகிறவர் இப்படிக் குடித்துப் பார்ப்பது மரியாதைக் குறைவு இல்லை, அது அவர் கடமை. தண்ணீர் மாதிரி இருந்தால் இன்னும் இரண்டு நிமிஷம் மூடிவையுங்கள். கடுமையாக இருந்தால் அரை கிளாஸ் கொதிதண்ணீர்.

ஊற்றுவது

நம் டீ மாஸ்டர் ஆற்றும்போது இரண்டு கையும் விலகும்: ஒன்று மேலே போகும், ஒன்று கீழே இறங்கும். இங்கே கிளாஸ் தட்டிலேயே நிற்கும், அசையாது. கூஜா மட்டும் மேலே ஏறும். மூக்கைக் கிளாஸின் வாயருகே வைத்து ஊற்றத் தொடங்கி, தாரை விழுந்ததும் கையை உயர்த்திக்கொண்டே போங்கள். முடிக்கும்போது தாழ்த்திக்கொண்டே வந்து, கிளாஸுக்குப் பக்கத்தில் சட்டென்று நிறுத்துங்கள். முதல் நாளே ஒரு முழம் போக வேண்டாம். ஒரு சாண் போதும். பச்சைத்தண்ணீரை வைத்துச் சிங்க்கில் பழகிக்கொள்ளுங்கள். கொதிக்கிற சர்க்கரைத் தண்ணீர் கையில் பட்டால் ஒட்டிக்கொண்டு சுடும். குழந்தைகள் தட்டைச் சுற்றி உட்கார்ந்திருந்தால் வித்தை காட்ட வேண்டாம்.

உயரம் வெறும் பகட்டுக்கு இல்லை. தாரை காற்றைப் பிடித்துக்கொண்டு விழுவதால் மேலே நுரை கட்டுகிறது. அந்த நுரைக்கு 'ரஸ்ஸா' என்று பெயர், தலைப்பாகை என்று அர்த்தம். நுரை இல்லாத கிளாஸ், தலைப்பாகை இல்லாத மாப்பிள்ளை. கிளாஸில் முக்கால்தான் நிரப்ப வேண்டும். நுரைக்கும், விளிம்பை விரலால் பிடிப்பதற்கும் மீதி இடம்.

நுரை வராவிட்டால் மூன்றில் ஒன்று காரணம்: தேயிலை குறைவு, டீ ஆறிவிட்டது, அல்லது தாரை மொத்தமாக விழுகிறது. வீட்டுப் பாத்திரத்திலிருந்து ஊற்றுகிறவர்களுக்குக் கடைசியதுதான் பெரும்பாலும். தாரை பென்சில் பருமனைவிட மெலிந்திருக்க வேண்டும். டீ கசந்தால் கழுவியது போதாது, அல்லது அடுப்பில் கவனிக்காமல் விட்டீர்கள். அதைச் சர்க்கரை போட்டு மீட்க முடியாது. நான் முயன்று பார்த்து ஒரு கூஜா பாகு குடித்திருக்கிறேன்.

இரண்டாவது கூஜா

முதல் சுற்று முடிந்ததும் தேயிலையைத் தூக்கிப் போடாதீர்கள். பழைய புதினாவை மட்டும் இடுக்கியால் எடுத்துவிட்டு, 500 மில்லி கொதிதண்ணீர், புதிதாகப் பாதிக் கொத்துப் புதினா, 40 கிராம் சர்க்கரை. இந்த முறை அடுப்பில் கொஞ்சம் கூடுதலாகவே வைக்கலாம், இலையில் வேகம் குறைந்திருக்கும். எனக்கு முதல் கூஜாவைவிட இதுதான் பிடிக்கும், ஹாஜ்ஜாவிடம் சொன்னதில்லை.

மூன்று கிளாஸ், ஒவ்வொன்றுக்கும் ஒரு தத்துவம் என்று இணையத்தில் எங்கு பார்த்தாலும் ஒரு பழமொழி சுற்றுகிறது. அது சஹாரா பக்கத்து டீ. பாலைவனத்தில் சின்னக் கிளாஸ், கெட்டி டீ, நுரையே பாதிக் கிளாஸ், மூன்று சுற்றுக்கு ஒரு பகல் போகும். அங்கே நல்ல டீக்கு மூன்று வேண்டும் என்பார்கள்: தணல், கூட்டம், நிதானம். ஹஸ்ஸானியா அரபியில் மூன்றுமே 'ஜ'வில் தொடங்குகிற சொற்கள். மெக்னெஸ் பாட்டிக்கு அந்த அளவு நிதானம் கிடையாது. நாலு மணிக்கு உட்கார்ந்தால் ஐந்துக்கு டிவி தொடர்.

ஊருக்கு ஒரு பழக்கம், காலத்துக்கு ஒரு தழை

வடக்கே டாஞ்சியர், தெத்துவான் பக்கம் புதினாவைக் கிளாஸுக்குள்ளேயே செருகி, மேலே டீயை ஊற்றிவிடுவார்கள். டாஞ்சியரில் கடலைப் பார்த்துக்கொண்டு பாறைமேல் அடுக்கடுக்காக இருக்கும் கஃபே ஹாஃபா 1921இலிருந்து நடக்கிறது. அங்கே கிளாஸ் பாதி தழையாகத்தான் வரும். வீட்டில் அவசரத்துக்கு இந்த முறை நல்லது. உயரத்திலிருந்து ஊற்ற வேண்டியதில்லை, நுரையும் எதிர்பார்க்க முடியாது.

குளிர்காலத்தில் புதினா மெலிந்துபோகும். அப்போது 'ஷீபா' என்கிற வெள்ளி நிறத் தழையை ஒரு காம்பு சேர்ப்பார்கள். கடும் கசப்பு. அது நம் மரிக்கொழுந்துக்கு ஒன்றுவிட்ட சொந்தம், இரண்டும் ஆர்ட்டிமீசியா இனம். அதற்காகப் பூக்கடை மரிக்கொழுந்தைப் பிடுங்கி டீயில் போட்டுவிடாதீர்கள். அது வேறு செடி, பூக்கடைச் சரக்கு சாப்பிடுவதற்கு வளர்த்ததும் இல்லை. உண்மையான ஷீபா கிடைத்தாலும் கர்ப்பிணிகளுக்கு ஆகாது. வசந்த காலத்தில் நாரத்தை போன்ற கசப்பு ஆரஞ்சின் பூவைச் சேர்ப்பார்கள். புதினா சரியில்லாத நாளில் எலுமிச்சை வாசமுள்ள 'லூயிசா' இலையும் வரும். இதில் எதுவுமே இல்லாவிட்டாலும் நஷ்டமில்லை. ஏலக்காய், இஞ்சி, பட்டை வேண்டாம். அவையெல்லாம் நல்லவை, ஆனால் இது அவற்றின் வீடு இல்லை.

கூடச் சாப்பிட பாதாம் விழுது வைத்த பிறை வடிவப் பலகாரம் 'காப் அல்-கஸால்', எண்ணெயில் பொரித்த 'ஸ்ஃபெஞ்ச்', அல்லது 'ம்ஸெம்மன்'. இந்தக் கடைசியது நமக்குப் புதிதில்லை: மாவை வீசாமல் கையால் விரித்து, சதுரமாக மடித்துச் சுடுகிற பரோட்டா. தேன் தொட்டுச் சாப்பிடுவார்கள். சாதாரண நாளில் ரொட்டியும் ஆலிவ் எண்ணெயும் அத்தாயும் சேர்ந்தாலே காலைச் சாப்பாடு. ரத்தசோகை உள்ளவர்கள் மட்டும் சாப்பாட்டோடு சேர்த்துக் குடிக்காமல் ஒரு மணி நேரம் தள்ளிக் குடிப்பது நல்லது, தேயிலை இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது. மிஞ்சிய டீயை எடுத்து வைத்துச் சூடுபண்ணிக் குடிக்கலாமா என்று கேட்காதீர்கள். கறுத்துக் கசந்துபோயிருக்கும்.

கடைசியாக, கூஜாவைக் கழுவுவது. வெந்நீர் விட்டு அலசி, கவிழ்த்துக் காயவைத்தால் போதும். சோப்பு, பவுடர், கம்பி நார் எதுவும் உள்ளே போகக் கூடாது. நான் ஒருநாள், தினமும் ஓசி டீ குடிக்கிறோமே என்ற குற்ற உணர்ச்சியில், ஹாஜ்ஜா தொழுகைக்குப் போன நேரம் பார்த்து அவருடைய பர்ராத்தை எடுத்துப் பவுடர் போட்டுத் தேய்த்தேன். உள்ளே கறுப்பாகப் படிந்திருந்ததெல்லாம் போய்க் கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது. அவர் வந்து மூடியைத் திறந்து உள்ளே பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. அந்தக் கறுப்பு பதினோரு வருஷத்தது என்று பேரன்தான் சொன்னான். அடுத்த ஒரு வாரம் டீ தகர வாசம் அடித்தது. அந்த வாரம் முழுக்க என்னைக் கூப்பிட்டு, முதல் கிளாஸை எனக்கே ஊற்றினார்.